இத்தாவைக் கழித்துவிட்டு

என் துக்கத்துக்கு நான் சைபரிலிருந்து நாலு வரைக்கும் ஒரு நம்பர் சொல்ல வேண்டுமாம். அதைக் கேட்டு எழுதத்தான் கிறிஸ்டின் என்கிற அந்தப் பிள்ளை திருகோணமலையில் பஸ் ஏறி, கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூரில் எங்கள் வீடு வரைக்கும் வந்திருந்தாள். முகத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். மடியில் சிலேட்டு மாதிரி ஒரு டெப். வெயிலில் நடந்து வந்ததில் கண்கள் சிவந்து, பார்க்கவே பாவமாக இருந்தது.

“சைபர் எண்டா இல்லவே இல்லை அக்கா. நாலு எண்டா சரியான கூட. போன கிழமை எப்பிடி இருந்தது எண்டு யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“மீன் விலை சொல்ற மாதிரிச் சொல்லச் சொல்றீங்க,” என்றேன்.

அவள் சிரித்தாளோ என்னவோ, மாஸ்க்குக்குள் யாருக்குத் தெரியும்? கொரோனாவில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளில் மனசு எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்களாம். டொக்டர்மார் செய்கிற ஆய்வாம். கூடுதலாக அடிபட்டவர்களைக் கண்டுபிடித்து கிளினிக்குக்கு எடுப்பார்களாம். நல்ல காரியந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அளப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே. என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

என் மச்சான் ஜவ்பர் துறைமுகத்திலிருந்து சீமெந்து ஏற்றிப் போகிற லொறி ஓட்டினவர். எங்கள் பக்கம் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். ஓகஸ்ட் மாதம் இருமத் தொடங்கினார். அம்புலன்ஸ் வந்தது. ஏறும்போது, “மின்ஹாட ஸ்கூல் சப்பாத்து சின்னதாப் போச்சு, வந்து வாங்கித் தாறன் எண்டு சொல்லு,” என்றார். அவ்வளவுதான். போனவர் போனவர்தான், ஆஸ்பத்திரியிலேயே மௌத்து. முகம் காட்டவில்லை. மூடின பெட்டியை நேரே ஓட்டமாவடிக்குக் கொண்டு போய்விட்டார்கள். கொரோனாவில் மௌத்தான எங்கள் ஆட்களை அப்போது அங்கேதான் அடக்கினார்கள். அவருடைய தம்பி நிப்றாஸ் மட்டும் பின்னால் போய்த் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தான். விறாந்தையில் நின்று, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அடக்கிட்டாங்க மதினி,” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதான்.

நான், “சரி தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க,” என்றேன்.

அந்தத் தேத்தண்ணிக் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. புருஷன் மௌத்தான அன்று தேத்தண்ணி ஊற்றினவள்! ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையாம்! என்ன செய்ய, வரவில்லை. பல்லுக் கழற்றப் போனால் ஊசி போடுவார்களே, பிறகு கன்னத்தைக் கிள்ளினாலும் வேறு யாரோடதோ கன்னம் மாதிரி இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. மகள் மின்ஹா வந்து பக்கத்தில் படுக்கும்போது மட்டும், அவளுடைய மூச்சு என் கையில் படுகிற இடத்தில், கொஞ்சம் தெரியும். அந்த ஓர் இடந்தான் மிச்சம்.

கிறிஸ்டின் வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். புருஷன் மௌத்தானால் பெண்சாதி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளிக்கிடாமல் இருக்க வேண்டும். அந்நிய ஆம்பிளைகளின் கண்ணில் படக்கூடாது. நகை, வாசனை, பகட்டான உடுப்பு கூடாது. கலியாண வீடு, விருந்து கிடையாது. அது மார்க்கக் கடமை. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிறிஸ்டினின் டெப்புக்குத்தான் தெரியாது.

“வெளிய போறதைத் தவிர்க்கிறீங்களா அக்கா?”

“ஓம். போறதே இல்ல. நாலு.”

“ஆக்களைச் சந்திக்கிறதை?”

“அதுக்கும் நாலு போடுங்க.”

“முந்தி விருப்பமாச் செய்த காரியங்களில இப்ப ஆர்வம் இல்லாமப் போச்சுதா? நல்லா உடுக்கிறது, விசேசங்களுக்குப் போறது…”

“எப்பிடிப் புள்ள போற? நாலு.”

“இறந்தவரைப் பற்றின நினைவு வேண்டாமெண்டாலும் வருதா?”

“ஒவ்வொரு தொழுகைக்குப் பொறகும் அவருக்கு துஆக் கேக்கன். வராம இரிக்குமா?”

அதற்கும் நாலு விழுந்தது. நடந்தவை கண்ணுக்கு முன்னால் படமாக வருகிறதா என்று கேட்டாள். நான் எதைக் கண்டேன், படம் வருவதற்கு? பெட்டியைக்கூடக் காணவில்லை. சைபர் என்றேன். பிறகு, உணர்ச்சிகள் எல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா என்று கேட்டாள்.

அதற்குக் கொஞ்சம் யோசித்தேன். ஒன்றுமே தெரியாமல் கிடக்கிறவளிடம், தெரியாமல் இருப்பது எவ்வளவு தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? சைபர் என்றேன். அவள் அதையும் அமத்திவிட்டு அடுத்ததுக்குப் போனாள்.

வெளிக்கிடும்போது அவளுக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். “நீங்கள் இத்தாவில இருக்கிறீங்கள் எண்டு விளங்குது அக்கா. எங்கட பக்கத்து வீடும் முஸ்லிம் ஆக்கள்தான். ஆனா கேள்வியை எழுதியிருக்கிறபடிதான் வாசிக்க வேணும். கூட்டவோ குறைக்கவோ எனக்கு அனுமதி இல்லை,” என்றாள். பிறகு போன் நம்பர் கேட்டாள். என் போன் மின்ஹாவின் ஒன்லைன் வகுப்பில் விழுந்து உடைந்து கிடந்தது. மச்சானின் போன் அவரோடு போனது. வீட்டு விசயம் எல்லாவற்றுக்கும் கொடுக்கிற நம்பர் நிப்றாஸுடையது, அதையே கொடுத்தேன். அதில் என்ன வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தது. அடுத்த கிழமையே வந்தது.

நிப்றாஸ் கிண்ணியாவிலிருந்து மோட்டர்சைக்கிளில் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்தான். நான் திரைக்கு உள்ளே. வழக்கமாக வந்ததும் மின்ஹாவைக் கூப்பிட்டு டொபி கொடுப்பவன், அன்று கூப்பிடவில்லை.

“மதினி, ஒரு புள்ள போன் எடுத்திச்சு. உங்களுக்குப் புள்ளி சரியான கூடயாம். மனநலக் கிளினிக்குக்குக் கட்டாயம் கூட்டி வரட்டாம்.”

“எந்தப் புள்ளி?”

“எனக்கென்ன தெரியும்? மனசு சரியில்லாத ஆக்களுக்குப் போடுற புள்ளியாம்.” தொண்டையைச் செருமினான். “போன் வந்த நேரம் உம்மாவும் பக்கத்தில. உம்மா சொல்றா… உங்களுக்குச் சுகமாகும் வரைக்கும் மின்ஹா எங்களோட இரிக்கட்டாம். எங்கட வீட்டுக்குப் பக்கத்திலயும் ஒரு ஸ்கூல் இரிக்கி.”

மாமி சொன்னால் சொன்னதுதான். மச்சான் போன நாளிலிருந்து அந்த மனிசிக்கு மின்ஹா மேல் ஒரு கண். மகனின் மூக்கும் நெற்றியும் அப்படியே பேத்தியிடம் இருக்கிறது, ஆசை இருக்காதா? ஆனால் வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பொம்பிளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். அங்கே யாரும் கை வைக்க ஏலாது. பிள்ளை அப்படி இல்லை. தாய்க்கு விசர் என்று டொக்டர் எழுதின ஒரு துண்டை, எங்கள் ஆட்களின் குடும்ப வழக்குப் பார்க்கிற காதிக் கோட்டில் நீட்டினால் பிள்ளை கை மாறிவிடும். கோட்டுக்குப் போகாவிட்டாலும் ஊர் போதும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தேத்தண்ணி ஊற்றினவளுக்கு மண்டை பிழை என்றால் யார் நம்பமாட்டார்கள்?

“இத்தா முடியட்டும் தம்பி. பொறகு பேசுவம்,” என்றேன். கை மட்டும் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மின்ஹாவை என்னிடமிருந்து எடுத்தால் நான் உயிரோடு இருக்கிற இடமே இருக்காது. அதை யாரிடம் போய் எந்த நம்பரில் சொல்வது?

ராத்தாவிடம் சொன்னேன். எனக்கு மூத்தவள், என் ராத்தா அசனா, மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். வாய் என்றால் வாய். சந்தையில் அவளோடு விலை பேசிய மீன்காரன் அடுத்த நாள் வேறு தெருவால் போவான். கதையைக் கேட்டதும் முந்தானையைச் செருகிக்கொண்டு, கிறிஸ்டின் முதல் நாள் கொடுத்துவிட்டுப் போன துண்டில் இருந்த நம்பருக்கு அடித்தாள். ஆய்வை நடத்துகிற டொக்டர் சிந்துஜன் பேசினார். ராத்தா போனை ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்து, முன்னால் இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

“டொக்டர், எங்கட தங்கச்சி வெளிய போறல்ல எண்டு நாலு புள்ளி போட்டிரிக்கீங்க. நான் கேக்கன், இத்தாவில இரிக்கிறவ வெளிய போனாத்தானே அவக்கு விசர் எண்டு நீங்க சொல்லோணும்?”

டொக்டர் ஏதோ சொல்ல வந்தார், ராத்தா விடவில்லை.

“ஆக்களச் சந்திக்கல்ல எண்டு நாலு. சந்திச்சா ஹறாம்! நல்லா உடுக்கல்ல எண்டு நாலு. உடுத்தா ஊரே காறித் துப்பும்! மாப்பிள்ளைக்கு துஆக் கேட்டதுக்கும் நாலு. அல்லாஹ்வே, மார்க்கத்துக்குப் பேர் நோய் வருத்தமா? உங்கட கணக்குப்படி மூதூரில விதவைகள் எல்லாருக்கும் விசர்தான். பெரிய கட்டடமாக் கட்டுங்க, எல்லாரையும் போட!”

மனிதன் நல்ல மனிதன். கோபிக்கவில்லை. இத்தா என்றால் என்ன, எத்தனை மாதம், எதெல்லாம் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராத்தா சொன்னாள். இன்னும் விளக்கம் வேண்டுமென்றால் அப்துல் மஜீத் மௌலவியிடம் கேளுங்கள் என்று நம்பரும் கொடுத்தாள். அவர் கேட்டுமிருக்கிறார். சில நாளில் கிறிஸ்டின் மறுபடி வந்தாள். இந்த முறை ராத்தா நிப்றாஸையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் விறாந்தையில், நாங்கள் மூவரும் உள்ளே.

“நீங்கள் சொன்னது சரிதான் அக்கா,” என்று ராத்தாவைப் பார்த்தே சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. “இத்தாவில இருக்கிற ஆக்களுக்கு அந்தக் கேள்விகளை எடுக்கக் கூடாது எண்டு டொக்டர் முடிவெடுத்திட்டார். அதுகளைக் கழிச்சுப் பாத்தா உங்கட தங்கச்சி றுமானா அக்காவுக்கு ஒண்டும் இல்லை. சைபருக்குக் கிட்ட. கிளினிக்குக்கு வரத் தேவையில்லை. போனில நான் அப்பிடிச் சொன்னதும் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“கேட்டீங்களா நிப்றாஸ்?” ராத்தா திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள். “ஒண்டும் இல்லயாம்! உங்கட உம்மாக்கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

“கேட்டன் ராத்தா. மன்னிச்சுக்கங்க மதினி,” என்றான் அவன். குரலில் உண்மையாகவே சந்தோசம் இருந்தது. அவனும் பாவந்தான். நடுவில் அகப்பட்ட ஆள்.

ராத்தா அன்று வட்டிலப்பம் அவித்தாள். மின்ஹா இரண்டு துண்டு சாப்பிட்டாள். எனக்குச் சந்தோசப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் சந்தோசம் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. பிள்ளை என்னிடமே இருக்கிறாள். அது போதும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கிறிஸ்டின் மட்டும் செருப்பைப் போட்ட பிறகும் வாசலில் நின்றாள். “தை மாசம் எல்லாரிட்டயும் திரும்பக் கேக்க வருவம். அக்கா, உங்களுக்கு உண்மையா ஒண்டும் இல்லைத்தானே?”

“புள்ள, பஸ் போயிரும்,” என்றாள் ராத்தா.

இத்தா முடிந்த அன்று ராத்தா வந்து தலைக்கு வார்த்துவிட்டாள். புது அபாயா ஒன்று வாங்கி வந்திருந்தாள், கழுத்தில் சின்னதாகப் பச்சை நூல் வேலை. பக்கத்து வீட்டுப் பொம்பிளைகள் வந்து துஆக் கேட்டு, தேத்தண்ணி குடித்து, இனி எங்கள் வீடுகளுக்கும் வந்து போ என்றார்கள். ஓம் என்றேன். எல்லாருக்கும் ஓம் என்றேன்.

தை மாதம் பள்ளிக்கூடங்கள் முழுசாகத் திறந்தன. கொரோனாவால் வீட்டிலேயே கிடந்த மின்ஹாவுக்கு நிலத்தில் கால் படவில்லை. சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்பும்போதே அவளும் எழும்பி, பையை முதுகில் போட்டுக்கொண்டு குசினி அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்கூடம் ஒன்றும் தூரமில்லை. பிரதான வீதியைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். தெருப் படலையைத் திறந்தேன். திறந்த இடத்திலேயே நின்றேன்.

பயமா என்று கேட்டால் பயமில்லை. அழுகையா, அதுவும் இல்லை. கால் போகவில்லை. இரு, போவோம், இரு, போவோம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். தெருவில் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு போனார்கள். ஒரு த்ரீவீல்காரன் மெதுவாக்கி, எங்களைப் பார்த்துவிட்டுப் போனான். மின்ஹா கையை இழுத்தாள்.

“உம்மா, பெல் அடிச்சிரும்.”

“தலை இடிக்கி மகள். நாளைக்குப் போவம்,” என்றேன்.

அடுத்த நாள் ராத்தா கூட்டிப்போனாள். அந்தக் கிழமை முழுக்க அவள்தான். என்னடி என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றேன். பிறகு ராத்தாவின் மகளுக்குப் பிள்ளைப்பேறு, அவள் கந்தளாய்க்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் யாரையாவது கேட்கலாம். கேட்டால், ஏன் நீ போகவில்லை என்று வரும். மறுநாள் அது கிண்ணியாவில் மாமியின் காதுக்குப் போகும். ஒன்றும் இல்லை என்று டொக்டர் வாயால் சொல்ல வைத்த பிறகு எனக்கு ஒன்று இருக்கலாமா? வாயை மூடிக்கொண்டேன். மழை என்றேன். உடுப்புக் காயவில்லை என்றேன். பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டேன். மின்ஹாவும் கேட்பதை விட்டுவிட்டாள். பையை முதுகில் போடுவதையும் விட்டாள். நல்ல பிள்ளை, தொந்தரவு இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். யா அல்லாஹ், அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நிலைமையில்தான் கிறிஸ்டின் சொன்னபடி திரும்பவும் வந்தாள். ஒரு மாஸ்க் குறைந்திருந்தது.

“இனி இத்தா இல்லைத்தானே அக்கா. இந்த முறை எல்லாக் கேள்வியும் கணக்கில வரும்,” என்றாள்.

வரட்டும். நான் முடிவு பண்ணி வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் சைபர். அவளுக்கும் வேலை சுகம், டொக்டருக்கும் சந்தோசம், நிப்றாஸுக்கும் நிம்மதி. மின்ஹா என் பக்கத்தில். இதைவிட வேறென்ன வேண்டும்?

“வெளிய போறதைத் தவிர்க்கிறீங்களா?”

“சைபர்.”

அவளுடைய விரல் டெப்பில் படவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே மோட்டர்சைக்கிள் சத்தம் கேட்டது. நிப்றாஸ் வந்து விறாந்தையில் ஏறினான்.

“மதினி, மின்ஹாட டீச்சர் எனக்குப் போன் எடுத்தா. கன நாளாப் புள்ள ஸ்கூல் வரல்லயாம். என்ன விசயம்?”

“காய்ச்சல்,” என்றேன், திரைக்குப் பின்னாலிருந்து.

“மருந்து எடுத்தீங்களா? எந்த டொக்டர்?” கதிரையை இழுத்துப் போட்டு இருந்தபடி சொன்னான்: “மதினி, இத்தா முடிஞ்சிதானே. முக்காட்டப் போட்டுக்கிட்டு முன்னால வந்து பேசலாமே. நான் உங்கட தம்பி மாதிரி.”

நான் அசையவில்லை.

“மின்ஹா! வா மகள், சாச்சாவோட கடைக்குப் போவம். ஐஸ்கிரீம் வாங்கித் தாறன்.”

மற்ற நாளென்றால் சாச்சாவின் மோட்டர்சைக்கிள் நிற்க முன்பே இவள் ஏறிவிடுவாள். இன்று அறைக்குள்ளிருந்து வந்து, என் பின்னால் நின்று, உடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏலா சாச்சா. நாங்க இத்தாவில இரிக்கோம்.”

“என்ன?”

“உம்மாவும் நானும். நாங்க வெளிய வரக்கூடா.” மார்க்கச் சட்டம் தெரியாத ஆளுக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

கிறிஸ்டின் தலையைக் குனிந்துகொண்டாள். நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். பயம் இல்லை, கவலை இல்லை, ஆசை இல்லை. ஐஸ்கிரீம் என்று சொன்னதற்கு ஓர் இமை ஆடவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் முகம் கழுவும்போது கண்ணாடியில் பார்க்கிறேனே. அல்லாஹ்வே! யாரும் கொண்டுபோகாமல் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன் என்றல்லவா நினைத்தேன். என் வருத்தத்தைப் பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கிறிஸ்டின் எழும்பினாள். “அக்கா, நான் இன்னொரு நாள் வரட்டோ?”

“இரிங்க. முதல் கேள்வியில இரிந்து திரும்பக் கேளுங்க. சத்தமாக் கேளுங்க.”

அவள் விறாந்தைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். “அவர் இருக்கிறார் அக்கா. இது உங்கட சொந்த விசயம்.”

“அவருக்குக் கேக்கத்தான்.”

அவள் கேட்டாள்.

“வெளிய போறதைத் தவிர்க்கிறீங்களா?”

“நாலு. படலையைத் தாண்ட ஏலாது. இத்தா முடிஞ்ச பொறகும் ஏலல்ல.”

“ஆக்களைச் சந்திக்கிறதை?”

“நாலு. ஓம் ஓம் எண்டு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டன்.”

“மரத்துப்போன மாதிரி…”

“நாலு. அண்டைக்கு நான் பொய் சொன்னன். நாலுக்கு மேல இரிந்தா அதைப் போடுங்க.”

ஒவ்வொன்றாகப் போனது. கழிப்பதற்கு இந்த முறை ஒன்றும் இல்லை. விறாந்தையில் கதிரை கிறீச்சிட்டது. நிப்றாஸ் எழும்பிவிட்டான் என்று நினைத்தேன், ஆனால் அவன் திரும்பவும் இருந்துவிட்டான்.

“மதினி,” என்றான். “எனக்கும் நித்திரை இல்ல. ஓட்டமாவடியில தோண்டின அந்தக் கிடங்கு… நான் யாருக்கிட்டச் சொல்ற?”

“இந்தப் புள்ளக்கிட்டச் சொல்லுங்க. உங்களுக்கும் நம்பர் போடுவா,” என்றேன். பிறகு சொன்னேன்: “தம்பி, மின்ஹாவக் கூட்டிட்டுப் போங்க.”

“மதினி, நான் அதுக்கு வரல்ல.”

“தெரியும். கூட்டிட்டுப் போங்க. உங்கட வீட்டுப் பக்கத்து ஸ்கூலுக்கு அனுப்புங்க. வெளிய விளையாட விடுங்க. எனக்கு ஏலும் எண்ட நாள் நானே வந்து கூட்டிட்டு வாறன். உங்கட உம்மாக்கிட்ட ஒண்டு சொல்லுங்க. விசர் எண்டு சொல்லி வாங்கின புள்ள இல்ல இது. தாய் தந்த புள்ள.”

மின்ஹாவின் உடுப்புகளை நானே அடுக்கினேன். பள்ளிக்கூடச் சட்டை, வீட்டுச் சட்டை, தலைக்குப் போடுகிற எண்ணெய், அவள் கட்டிப்பிடித்துப் படுக்கிற தலையணை. கை தன்பாட்டில் வேலை செய்தது. அவள் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போனா உங்களுக்கு இத்தாக்கு யாரு?”

அவள் முன்னால் குந்தி இருந்தேன். “உம்மாட இத்தா முடிஞ்சி போச்சு மகள். உம்மாக்கு இப்ப வருத்தம். டொக்டர்ட்டப் போகப் போறன். உனக்கு இத்தாவும் இல்ல, வருத்தமும் இல்ல. நீ போய் ஐஸ்கிரீம் குடி.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாய் கோணியது. மாதக்கணக்கில் கேட்காத சத்தம் ஒன்று அவளிடமிருந்து வந்தது. வீடே அதிர அழுதாள். வாப்பா வேணும் என்றாள். உம்மா வேணும் என்றாள். போக மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்தாள். நான் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, விறாந்தையில் சாச்சாவின் கையில் கொடுத்தேன். அதுவரை தெரியவில்லை, நான் திரைக்கு வெளியே வந்து நிற்கிறேன் என்று. நிப்றாஸ் நிலத்தைப் பார்த்தபடி வாங்கிக்கொண்டான்.

மோட்டர்சைக்கிள் போகும்போது அவள் அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நெஞ்சில் ஏதோ செய்தது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. ஊசி மருந்து விட்டுப்போகும்போது பல் முரசுக்குள் ஒரு குத்தல் தொடங்குமே, அப்படித் தொடங்கி, தொண்டைக்கு ஏறி, கை, வயிறு, முழங்கால் எல்லாம் பரவியது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டேன். கிறிஸ்டின் ஓடி வந்து மற்றக் கையைப் பிடித்தாள்.

“வலிக்கி புள்ள. தாங்க ஏலாம வலிக்கி. எழுதுங்க.”

“அக்கா, அப்பிடி ஒரு கேள்வி இதில இல்லையே.”

“இல்லாட்டிப் பொறகு என்னத்தை அளக்க வந்த நீங்க? எழுதுங்க!”